இடப்பக்க நாற்காலி

மார்பிள் கடை முதலாளியை ஒரு சீட்டாட்டக்காரன் கையைப் பிடித்துக் கெஞ்சி வீட்டுக்கு அனுப்பி வைத்தானாம். "அண்ணே, உங்க காசு எங்களுக்கு வேணாம், பேரனுக்குச் சேத்து வைங்க" என்றானாம். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். அதோடு நிற்காமல், இனிமேல் நானும் தொட மாட்டேன் என்று கையிலிருந்த சீட்டுக்கட்டை நாலாகக் கிழித்து வீசிவிட்டுப் படியிறங்கிப் போனானாம்.

இந்தக் கதையைச் சொன்னது மார்பிள் முதலாளியின் மருமகள். சொன்ன இடம் தையல் கடை. துணிக்கு அளவெடுக்க இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றபடியே அவள் சொல்ல, தையற்காரி வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு 'உம், உம்' என்று கேட்டாள். 'அவரை எல்லாரும் வாத்தின்னு கூப்பிடுவாங்களாம்' என்ற இடம் வந்ததும் தையற்காரி குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். வாத்தி அவளுடைய கூடப்பிறந்த தங்கையின் புருஷன். அந்தத் தங்கை நாலு மாதமாகக் குழந்தையோடு இவள் வீட்டு உள்ளறையில்தான் இருக்கிறாள்.

அன்று சாயங்காலமே கதை தங்கையின் காதுக்குப் போனது.

"நாலா கிழிச்சாராமா?" என்றாள் தங்கை.

"ஆமாடி. கட்டோட."

"அது பிளாஸ்டிக் சீட்டுக்கா. ஒத்தைச் சீட்டைக் கிழிக்கவே உன் கத்திரி வேணும்."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. கிழித்தது பொய். மற்றதையும் பொய் என்று ஒதுக்கிவிட அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த நாள் காலையில் நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"அக்கா ஒண்ணு சொன்னா. நிஜமா?"

வாத்தி பதில் சொல்லாமல் இருந்தான். பதில் சொல்லாமல் இருப்பதுதான் அவன் தொழில்.

"சீட்டைக் கிழிக்கல" என்றான் கடைசியில்.

"அது எனக்குத் தெரியும். மத்தது?"

"வீட்டுக்குப் போங்கன்னு சொன்னேன். திரும்பி வராதீங்கன்னும் சொன்னேன்."

இரண்டும் உண்மை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

"அவ்வளவுதான் கேட்டேன்" என்று அவள் போனை வைத்தாள். வைத்த விதத்தில் கோபம் இல்லை என்பது அவனுக்குக் கேட்டது.

நடந்தது வேறு.

வாத்தி ஒரு காலத்தில் நிஜமாகவே வாத்தியார்தான். டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். முப்பத்து நாலு வயதில், கூட வேலை பார்த்த ஒருவன் கூப்பிட்டான் என்று அந்த ரூமுக்குப் போனான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கு மேல் மாடி. சுவரில் போக்குவரத்துச் சின்னங்கள் வரைந்த பழைய பலகை ஒன்று தொங்கும். நடுவில் பச்சைத் துணி போர்த்திய நீள்வட்ட மேசை, ஒன்பது நாற்காலி. ஆட்டம் போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடின கையில். எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசையில் ஒவ்வொன்றாகத் திறக்கும். நடுநடுவே பணம் கட்ட வேண்டும், அல்லது சீட்டை மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான் என்று முதல் நாளே அவனுக்குப் புரிந்துபோயிற்று.

அவன் ஆட்டத்தில் மயங்கி விழுந்துவிடவில்லை. அதுதான் பிற்பாடு அவனை யாராலும் திட்ட முடியாமல் போனதற்குக் காரணம். ஒரு வருஷம் டியூஷனையும் விடாமல், ஆடின ஒவ்வொரு மணி நேரத்தையும் கட்டம் போட்ட நோட்டில் எழுதினான். வருஷக் கடைசியில் நோட்டை மனைவியிடம் நீட்டினான். அவள் ஒரு கம்பெனியில் பில் போடுகிற வேலையில் இருந்தவள். முழுசையும் உட்கார்ந்து கூட்டினாள். ஓரிடத்தில் அவன் பண்ணியிருந்த தப்பைக்கூடத் திருத்தினாள்.

"டியூஷனை விட இது மூணு மடங்கு வருதே" என்றாள்.

"சூதாட்டம் இல்லம்மா இது. பொறுமையா உக்காந்திருக்கிற வேலை."

"நீங்க அதுக்குன்னே பொறந்தவர்தானே. கல்யாணத்தன்னிக்கே போட்டோவுக்குச் சிரிக்க வைக்க ஆறு பேர் தேவைப்பட்டுச்சு."

அப்படித்தான் ஆரம்பித்தது.

ரூமில் ஆட்டம் மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கும். காரணம் மார்பிள் முதலாளி. சாப்பிட்டுவிட்டு, குடோனுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிற நேரம் அது. அறுபது வயது, வாட்டசாட்டமான உடம்பு, வாழ்நாள் முழுக்கக் கல் அறுக்கிற மெஷின் பக்கத்தில் நின்று காது மந்தமானதால் எதையும் கத்தித்தான் பேசுவார். தங்கமான மனுஷன். ஆட்டம் மட்டும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. கையில் ஏழு வந்தால் மடிக்க மாட்டார். பேரன் பிறந்தது ஏழாம் தேதி.

நேரில் அவரை எல்லாரும் அண்ணே என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'சம்பளம்'.

"சம்பளம் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் டாக்ஸி படியேறுவான். முன்னாள் டாக்ஸி ஓட்டுநர்.

"இன்னும் வரல. முழங்கால் வலியாம்."

"கடவுளே, சம்பளத்துக்கு ஒரு நல்ல டாக்டரைக் காட்டு!"

ரூமில் வாடிக்கையாக உட்காரும் எட்டுப் பேரும் ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் எடுப்பது அற்பம். எட்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது இந்த ஒரு மனுஷனால். அதனால் ரூமில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அண்ணன் தப்பாக ஆடினார் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தோற்றால், "பிரமாதமா ஆடினீங்கண்ணே, அதிர்ஷ்டம்தான் இல்ல." ஜெயித்தால், "உங்ககிட்ட இன்னிக்கு வெச்சுக்கக் கூடாதுப்பா." அவருடைய மாத்திரை நேரம் எட்டுப் பேருக்கும் தெரியும். பேரன் எந்தப் பல் விழுந்து எந்தப் பல் முளைத்தது என்பதும் தெரியும்.

எட்டுப் பேருக்கும் ஒரே ஒரு நாற்காலி மேல்தான் கண். அண்ணனுக்கு இடப்பக்க நாற்காலி. போக்கரில் முறை இடப்பக்கமாகச் சுற்றி வரும். அவர் கட்டுகிறாரா, மடிக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் அவருக்கு இடப்பக்கம் இருப்பவன் முடிவெடுக்க வேண்டும். வருஷம் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கும் எதிரே உட்கார்ந்தவனுக்கும் வருமானத்தில் ஒரு வீட்டு வாடகை வித்தியாசம் வரும். வாத்தி பதினொன்றரைக்கே போய்க் கைக்குட்டையை அதில் போட்டுவிட்டுக் காத்திருப்பான். ஏழு வருஷம் அதை விடவில்லை. பெண் பிறந்த நாளில்கூட எழுந்திருக்கவில்லை. போனைக் குப்புறப் போட்டிருந்தான். ஆறரை மணிக்கு அதைத் திருப்பியபோது குழந்தைக்கு வயது நாலு மணி நேரம்.

நன்றாகப் போன மாதங்கள் உண்டு. பொல்லாத மாதங்களும் உண்டு. சரியாக ஆடியும் மூன்று மாதம் தொடர்ந்து தோற்கலாம், அது இந்தத் தொழிலின் இயல்பு. ஆனால் வீட்டுக்காரருக்கும் பால்காரருக்கும் அந்த இயல்பை விளங்கவைக்க முடியாது. நல்ல மாதத்தில் ஃப்ரிட்ஜ் வந்தது. கெட்ட மாதத்தில் போயிற்று. மறுபடி வேறொன்று வந்தது, அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை போனபோது பெண்ணுக்கு ஐந்து வயது. "ஃப்ரிட்ஜ் எப்பம்மா ஊர்லேர்ந்து வரும்?" என்று கேட்டாள். அது அடிக்கடி வெளியூர் போகிற சாமான் என்று நினைத்திருந்தாள்.

மனைவி அதையும் சிரித்துக்கொண்டே பொறுத்தாள். பொறுக்க முடியாமல் போனது ஒரு பிஸ்கட் டின்.

சீட்டில் பிழைக்கிறவனிடம் இரண்டு விதப் பணம் இருக்கும். ஒன்று வீட்டுப் பணம். இன்னொன்று ஆடுகிற முதல். முதலைத் தொட்டுச் செலவு பண்ணினால் தொழில் போயிற்று. பெரிய ஆட்டக்காரர்கள் பலர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனது தோற்று அல்ல, முதலைத் தின்றுதான் என்று வாத்தி அடிக்கடி சொல்வான். அலமாரி மேல் பிஸ்கட் டின்னில் அந்த முதல் இருந்தது. அந்த மாதம் வீட்டில் கரண்ட்டைத் துண்டித்திருந்தார்கள். மூன்றாம் நாள், பேட்டரி தேடி அலமாரி மேல் கைவிட்ட மனைவிக்கு டின் அகப்பட்டது. அதில் நாலு மாத வாடகை அளவுக்குப் பணம்.

"இது என்னங்க?"

"அது பணம் இல்லம்மா. முதல்."

"கடைக்காரன் வாங்கமாட்டானா இதை?"

"தச்சன் உளியை வித்துச் சாப்பிடுவானா?"

அவள் டின்னை மூடிப் பழைய இடத்திலேயே வைத்தாள். சத்தம் போடவில்லை. "மூணு நாளா இருட்டுல குழந்தைக்குச் சோறூட்டுறேன். தலைக்கு மேல இது இருந்திருக்கு" என்று மட்டும் சொன்னாள். ஒரு பையில் துணியும், இன்னொரு பையில் பெண்ணின் புத்தகங்களும். அக்கா வீடு இரண்டு பஸ் தூரம்.

அவள் போய் நாலு மாதம் ஆன பிறகு வாத்தி, அதுவரை பண்ணாத தப்பைப் பண்ணினான். முதல் பணத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒரு நாளும் மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அவனே போட்டுக்கொண்ட விதி. இப்போது டின்னை அப்படியே பையில் கவிழ்த்துக்கொண்டு போனான். ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கி, ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கட்டி, ரசீதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். அவன் டியூஷன் பிள்ளை எவனாவது இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் காதைத் திருகியிருப்பான்.

ஆறாம் நாள் அந்த ஆட்டம் வந்தது. வாத்தி கையில் இரண்டு ராஜா. மேசையில் முதலில் திறந்த மூன்றும் ராஜா, எட்டு, மூன்று. அவனுக்கு மூன்று ராஜா ஆகிவிட்டது. அண்ணன் கட்டினார். வாத்தி எல்லாவற்றையும் நடுவில் தள்ளினான். மற்றவர்கள் மடித்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் முழங்காலைத் தடவிக்கொண்டு, "வாத்தி தள்ளினா விஷயம் இருக்கும். ஆனா நம்ம கையில ஏழு இருக்கே!" என்று கத்திவிட்டுத் தானும் தள்ளினார்.

சீட்டைத் திருப்பினார்கள். அவர் கையில் ஆறும் ஏழும். நூறு தடவை இப்படி நடந்தால் தொண்ணூற்றைந்து தடவை வாத்தி ஜெயிப்பான். அடுத்த சீட்டு ஐந்து. கடைசிச் சீட்டு நாலு. நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. வரிசை சேர்ந்துவிட்டது. மூன்று ராஜாவும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

"பாத்தியா! பேரன் கைவிடல!" என்று அண்ணன் மேசையைத் தட்டினார்.

'பிரமாதமா ஆடினீங்கண்ணே' என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஏழு வருஷமாகச் சொன்ன வாய். அன்றைக்கு அந்த வாய் வேறு எதையோ சொல்ல ஆரம்பித்தது.

"அண்ணே, நீங்க ஆடுறதுக்குப் பேரு ஆட்டமே இல்ல. ஏழு வருஷத்துல ஏழு நாள்கூட நீங்க ஒழுங்கா ஆடினதில்ல. உங்க ஜோக்குக்குச் சிரிப்பே வராது. இவனுங்க உங்களை என்னன்னு கூப்பிடுறானுங்க தெரியுமா? சம்பளம். உங்க காசுலதான் எட்டு வீட்டுல சோறு பொங்குது. எழுந்து வீட்டுக்குப் போங்க. திரும்பி வராதீங்க!"

கீழே யாரோ கார் ஓட்டக் கற்றுக்கொள்பவர் பின்பக்கமாக எடுக்கையில் வரும் டிட்-டிட் சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணன் மந்தக் காதையும் மீறி முழுவதையும் கேட்டிருந்தார். ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். யாராவது இல்லை என்று சொல்வார்கள் என்று காத்திருந்ததுபோல இருந்தது. பிறகு தண்ணீர் பாட்டிலை மூடி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஜெயித்ததைக்கூட எடுக்காமல் கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினார்.

"பாவி!" என்றான் டாக்ஸி. "எட்டுப் பேர் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா."

ரூம் நடத்துகிறவர் மேசையில் கிடந்ததைக் கூட்டி அள்ளினார். "இது அண்ணனோடது. எடுத்து வைக்கிறேன். வாத்தி, நீ உன் கைக்குட்டையை எடுத்துக்கோ."

இவ்வளவுதான் நடந்தது. கெஞ்சல் இல்லை, கண்ணீர் இல்லை. தோற்றவன் ஒருவன் ஆத்திரத்தில் கத்தினான். அண்ணன் வீட்டுக்குப் போய் மகனிடம், "ஒருத்தன் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டான்" என்றார். மகன் அதைத் தன் மனைவியிடம் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னான். மீதி மெருகு தையல் கடையில் ஏறியது.

மனைவி அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடாது. மூச்சு வாங்க உள்ளே வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கூட்டியிருந்தது. பாத்திரம் கழுவியிருந்தது. அவளே கொண்டுவந்த பாலில் டீ போட்டாள்.

"ஏழு வருஷத்துல நீங்க பண்ணின காரியத்துலயே இதுதான் மனுஷத்தனமான காரியம்" என்றாள்.

"அன்னிக்கு நான் சொன்னது..." என்று அவன் தொடங்கினான். "ஒரு ஆத்திரத்துல..."

"ஆத்திரம் வரணும். இத்தனை நாள் வராம இருந்ததுதான் எனக்குப் பயமா இருந்துச்சு." அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "பள்ளிக்கூடம் மாத்தணும். இங்க பக்கத்துல சேக்கறதா, அக்கா வீட்டுப் பக்கம் சேக்கறதான்னு தெரியல. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கொடுத்துடணும். ஒரு தடவை எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது."

பெயர், பிறந்த தேதி, தாய், தந்தை எல்லாம் அவள் கையெழுத்தில் நிரம்பியிருந்தது. வீட்டு முகவரி என்ற கோடு மட்டும் காலி.

"அந்த அண்ணன் கடையில ஒரு வேலை கேளுங்க. கணக்குப் பாக்கற வேலை, மூட்டை எண்ணுற வேலை, எதுவானாலும். அவங்க உங்களுக்குக் கடமைப்பட்டவங்க. மாசச் சம்பளம்னு ஒண்ணு வந்தா இந்த முகவரியை எழுதறேன்."

சம்பளம் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் டீயைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

செவ்வாய்க்கிழமை மார்பிள் கடைக்குப் போனான். பலகை பலகையாகக் கற்கள் அலமாரிப் புத்தகம்போலச் சாய்ந்து நின்றன. பின்னால் எங்கோ தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மெஷின் கல்லை அறுத்தது. வெள்ளைத் தூள் எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது, காலண்டரில்கூட. மகன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்க சார், உக்காருங்க. எங்கப்பாவை மீட்டுக் கொடுத்திருக்கீங்க. அம்மா தினம் உங்களை நினைச்சுக்கறாங்க."

டீ வந்தது. வாத்தி வேலை கேட்டான். மகன் முகம் மாறாமல் ஒரு படிவத்தை நகர்த்தினான். வாத்தி எழுதிக் கொடுத்தான்.

"டியூஷன் சென்டர்... சரி. அப்புறம் ஏழு வருஷம் காலியா இருக்கே சார்?"

என்ன எழுதுவது? ஒன்பது மணி நேரம் அசையாமல் உட்காருவேன். போன சீட்டையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வேன். எதிரில் இருப்பவன் பொய் சொல்லப்போவதை அவனுக்கு முன்னால் தெரிந்துகொள்வேன்.

"சொந்தத் தொழில்" என்றான்.

மகன் தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே பேனாவுக்கு மூடியைப் போட்டான். வாத்திக்கு அதுவே போதும். எழுத இனி ஒன்றும் இல்லை என்று முடிவெடுத்தவன்தான் பேனாவை மூடுவான். மீதியெல்லாம் மரியாதைக்கு.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல எங்களுக்கு மதிப்பு இருக்கு. ஆனா உங்க மூஞ்சியைப் பாத்தா அப்பாவுக்கு அந்த ரூம் ஞாபகம் வரும். அவரோட போனைக்கூட வாங்கி வெச்சிருக்கோம். கொஞ்ச நாள் போகட்டும். நாங்களே போன் பண்றோம்."

வெளியே வரும்போது பக்கத்துச் சந்திலிருந்து கல்லைத் தட்டுவதுபோல ஒரு சத்தம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பத்து வயது கூடியிருந்தது என்று சொல்ல முடியாது, ஒரே வாரம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் சட்டை பெரிதாகத் தெரிந்தது. மடியில் பள்ளி நோட்டு. கண்ணாடி மூக்கு நுனியில்.

"வாத்தி! வாடா!" அவரைப் பொறுத்தவரை அது கிசுகிசு. மெஷின் சத்தம் மட்டும் இல்லையென்றால் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"அண்ணே... அன்னிக்கு..."

"நீ சொன்னதுதான்டா சரி. எனக்கு ஆட்டமே தெரியாது. ரெண்டு ராத்திரி தூங்கல. அப்புறம் தோணுச்சு, தெரியலைன்னா படிக்கலாமே! இதோ பாரு." நோட்டைத் திருப்பினார். பக்கம் பக்கமாகச் சீட்டுப் படங்கள். ஆடின், இஸ்பேட் எல்லாம் கலர் பென்சிலில். பேரனுடைய பென்சில். "ராஜா வந்தா கட்டணும், ஏழு வந்தா யோசிக்கணும். சரியா?"

வாத்தி நோட்டைப் பார்த்தான். பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஒரு வரிகூடச் சரியில்லை.

"பழைய குடோன் ஒண்ணு சும்மா கிடக்கு. டாக்ஸிகிட்ட சொல்லியாச்சு, எல்லாரும் வர்றேன்னுட்டானுங்க. உன் இடம் அப்படியே இருக்கும், என் இடப்பக்கம். காசு இல்லைன்னா நான் போடறேன். நீ பக்கத்துல இருந்து சொல்லிக் கொடு. இந்த வாரக் கடைசிக்குள்ள நாள் பாத்துட்டுச் சொல்றேன்." இடுப்பிலிருந்து பொத்தான் வைத்த சின்னப் போன் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இது அவனுக்குத் தெரியாது. நம்பரைப் பாத்துக்கோ."

முன்பக்கம் போய் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபதடி தூரம்தான். மகனே கையைப் பிடித்துக்கொண்டு, 'சார், நாளையிலேர்ந்து வாங்க' என்றுகூடச் சொல்லியிருக்கலாம். வாத்தி சந்து வழியாகவே வெளியே போனான். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. அந்த நம்பரை ஒரு தடவைதான் பார்த்தான், பத்து இலக்கமும் அப்படியே மனதில் நின்றது. வேறு எதுவும் கையில் இல்லாதவனுக்கு அதுதான் இப்போது முதல். அதைச் செலவழிக்க அவனால் முடியவில்லை.

மனைவியிடம், "போன் பண்றோம்னு சொன்னாங்க" என்றான். அதிலும் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவள் வந்துவிட்டாள். பள்ளி அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. போன் வந்ததும் எழுதிக்கொண்டு ஓடிவிடலாம் என்ற கணக்கு. படிவத்தை மேசையில் விரித்து வைத்தாள். அவனுடைய போனை அதன் பக்கத்தில், திரை மேலே தெரிய வைத்தாள். குப்புறப் போடுகிற பழக்கம் அவளுக்குத் தெரியும்.

பெண் சமையலறையில் ஃப்ரிட்ஜ் இருந்த இடத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். தரையில் நாலு கால் பதிந்த தடம் இன்னும் இருந்தது. அந்தச் சதுரத்தை விட்டு வெளியே வராமல் ஒற்றைக்காலில் குதிப்பது அவள் விளையாட்டு.

"அம்மா, நாம இங்கயே இருக்கப் போறோமா?"

"போன் வரட்டும்டா."

மூன்றரை. நாலு. மனைவி ஜன்னல் கொக்கியைச் சரிபண்ணினாள். அலமாரி மேல் கைவிட்டு, காலி டின்னை எடுத்து, கழுவித் துடைத்து, "இதுல சர்க்கரை போட்டு வெச்சுக்கலாம்" என்றாள். அதைவிட அவள் அவனை அறைந்திருக்கலாம்.

"ஏம்மா" என்றான். "அவங்க போன் பண்ணலைன்னா?"

"பண்ணுவாங்க. நல்லது பண்ணினவங்களை யாரும் அப்படி விட்டுட மாட்டாங்க."

"நான் ஒண்ணு சொல்லணும்."

"அஞ்சு மணிக்கு அப்புறம் சொல்லுங்க. இப்ப எதுவும் சொல்லிடாதீங்க." அவள் கண்ணில் பயம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. கேட்க மனமில்லாத ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தவளின் பயம். அவன் வாயை மூடிக்கொண்டான். அது அவனுக்குச் சுலபம்.

நாலு இருபதுக்குப் போன் அடித்தது.

பெயர் இல்லை, வெறும் நம்பர். மனைவி ஒரே எட்டில் மேசைக்கு வந்து பேனாவைத் திறந்துகொண்டாள். நுனி முகவரிக் கோட்டின்மேல் நின்றது.

"எடுங்க! அவங்கதான்!"

பத்து இலக்கத்தையும் அவன் பார்த்தான். பழைய குடோன். இடப்பக்க நாற்காலி. எடுத்தால், அந்த மனுஷன் கத்திப் பேசுவது இந்த அறை முழுக்கக் கேட்கும். எடுக்காவிட்டால், மறுபடி அடிக்கும், அவர் விடுகிற ஆள் இல்லை. வர மாட்டேன் என்று சொன்னாலும், வேலையை வேண்டாம் என்கிறானே என்று இவள் பார்ப்பாள். ஒவ்வொரு வழியையும் கடைசிவரை போய்ப் பார்த்துத் திரும்பினான். நூற்றில் ஐந்துகூட எதிலும் இல்லை.

"அப்பா, போன் அடிக்குது" என்றாள் பெண், சதுரத்துக்குள்ளிருந்தே.

போன் நடுங்கி நடுங்கி மேசை விளிம்பைப் பார்த்து நகர்ந்தது. மனைவி அதைப் பிடித்து அவன் பக்கம் தள்ளினாள். "ஏங்க, என்ன உக்காந்திருக்கீங்க? எடுங்க."

அவன் கை மேசைக்குக் கீழேயே இருந்தது. அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பத்து வருஷமாக அதில் எதையும் படிக்க முடிந்ததில்லை என்று குறைபட்டுக்கொண்டவள் அவள். இன்றைக்கு அவள் கண் எங்கும் முட்டாமல், வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தது. பேனாவின் மூடி அவளுடைய இடக்கையில் இருந்தது.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.